லண்டனில் எறிந்த அம்பு களுவாஞ்சிக்குடிக்கு வர இருபது நொடி

போன கிழமை எங்கள் அரிசி ஆலையில் லொறி ஓட்டும் தம்பி, நெல் மூட்டை இறக்கி முடித்த கையோடு என் மேசைக்கு வந்து மெல்லக் கேட்டான். "அண்ணன், பிட்காயின் விலை உழுந்து போச்சாமே. இப்ப கொஞ்சம் வாங்கி, நீங்க ராவில பாக்கிற அந்த அம்பு எறியிற டார்ட்ஸ் விளையாட்டுக்கு நானும் பெட் பிடிக்கவா?"

இரகசியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம். லொறி வரைக்கும் போயிருக்கிறது என்றால் முதலாளி காதுக்கும் போயிருக்கும். "மறுகா சொல்றன்" என்று அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன், அவனும் வாசிக்கட்டும்.

விலை விழுந்தது உண்மைதான். 2025 ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு பிட்காயின் 126 ஆயிரம் டொலரைத் தாண்டியது. நவம்பர் நடுவில் ஒரு இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் பெட் பிடிப்பவனுக்கு அது தேவையில்லாத கதை. அந்தப் பாடத்தை நான் 2024 ஜனவரியிலேயே படித்தேன். டிஜிட்டல் நாணயத்தில் பெட் எடுக்கும் பந்தயத் தளத்தில் என் மீதியைப் பிட்காயினாகவே விட்டிருந்தேன். அந்த மாதம் 11ஆம் திகதி 48 ஆயிரத்தைத் தாண்டிய விலை, 23ஆம் திகதி 39 ஆயிரத்துக்கும் கீழே போனது. ஒரு அம்பும் எறிபடவில்லை, ஒரு பெட்டும் பிடிக்கவில்லை, ஐந்தில் ஒரு பங்கு காசு காற்றில் போனது. அன்றிலிருந்து டெதர் என்ற டிஜிட்டல் நாணயம் மட்டும்தான். ஒரு டெதர் ஏறக்குறைய ஒரு டொலர், பெரிதாக இறங்காது, ஏறாது. வங்கிக் கணக்கு மாதிரி சப்பென்று கிடக்கும். சரி, அது நல்லதுதான்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது லண்டனில் இருக்கும் மச்சானால். 2023 டிசம்பர் கடைசியில் போன் எடுத்தான். "பதினாறு வயசுப் பொடியன் ஒருத்தன் உலகச் சம்பியன்ஷிப்பில எல்லாரையும் அடிச்சுக்கொண்டு போறான்டா, பாரு." பொடியன் பெயர் லூக் லிட்லர். இங்கே, மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடியில், மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்தது, ஆலையில் வேலை இல்லை, நித்திரையும் இல்லை. போனில் பார்க்கத் தொடங்கினேன். அரையிறுதியில் ரொப் குரோஸை 6-2 என்று பொடியன் வென்ற இரவு, அவன்மேல் நான் வைத்த பத்து டொலரும் வென்றது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

மறுநாள் இறுதிப் போட்டி. லண்டனில் ஜனவரி 3 இரவு, எங்களுக்கு 4ஆம் திகதி விடியப்புறம். எதிரே லூக் ஹம்ஃப்ரீஸ். முதலில் ஏழு செட் எடுப்பவருக்குக் கிண்ணம். லிட்லர் 4-2 முன்னிலை. ஏழாவது செட்டையும் எடுக்க டபுள் 2, அதாவது பலகையின் வெளி வளையத்தில் 2க்கு உரிய ஒடுங்கிய கட்டம், விழுந்தால் போதும். அவன் எறியும் கோட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. போன் மேலே மச்சானின் செய்தி எட்டிப் பார்த்தது: "போச்சுடா."

திரையில் லிட்லர் இன்னும் கையை உயர்த்தக்கூட இல்லை.

பிறகு அவன் கையை உயர்த்தினான், எறிந்தான், தவறினான். நான் என்ன பார்வையாளனா? முடிந்த கலியாணத்தின் வீடியோ பார்க்கிற ஆள். அதன் பிறகு ஹம்ஃப்ரீஸ் தொடர்ந்து செட்களை எடுத்து 7-4 என்று முடித்தார். என் பத்தும் போனது. காசு போனது கவலையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைக்கும் என்னை அரிப்பது அந்த "போச்சுடா"தான்.

இந்த இரண்டு வருடத்தில் நான் சொல்ல வந்த ஒரே குறை அந்தத் தாமதம். மற்றதெல்லாம் சில்லறை.

டார்ட்ஸ் வேகமான விளையாட்டு. ஒருவர் வந்து மூன்று அம்பு எறிந்து விலகச் சில நொடிதான். கிரிக்கெட்டில் இருபது நொடி தாமதம் என்றால் ஒரு பந்து பிந்தும், சமாளிக்கலாம். டார்ட்ஸில் அதற்குள் இரண்டு பேரும் எறிந்து முடித்திருப்பார்கள். படம் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு இணையத்தில் வருவதால் பிந்துகிறது. எங்கள் பக்கம் மாரியில் சிக்னலும் சேர்ந்து வட்டம் சுற்றும். தளத்துக்கோ மண்டபத்திலிருந்து புள்ளி நேராக வருகிறது. ஆகவே நான் பார்ப்பது பழையது, அவர்கள் பார்ப்பது புதியது. இருவரும் ஒரே விளையாட்டுக்குக் காசு வைக்கிறோம்.

அது போதாதென்று, ஆட்டம் நடக்கும்போது பெட் பிடித்தால் தளம் உடனே ஏற்காது. சில நொடி "பரிசீலனையில்" என்று நிற்கும். அதற்குள் விலை, அதாவது வென்றால் எத்தனை மடங்கு தருவார்கள் என்பது, மாறினால் தள்ளிவிடும். எனக்குச் சந்தேகம் வந்தது. கணக்கெழுதுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வான்? குறித்து வைக்கச் சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

அறுபது பெட் எழுதினேன். 23 தள்ளுபடி. படம் வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், அதில் 17இல் என் ஆள் நன்றாக எறிந்திருக்கிறான். ஏற்கப்பட்ட 37இல் 14 பெட்டுக்கு "உங்களுக்கு இன்னும் நல்ல விலை கிடைத்துள்ளது" என்று பச்சை எழுத்தில் வாழ்த்து வேறு. அந்தப் பதினான்கிலும் என் ஆள் தவறவிட்டிருக்கிறான். பதினான்கிலும்!

அன்று இரவு அந்தத் தளத்துக்கு நான் எழுதிய கடிதத்தை இங்கே போட முடியாது. அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள்: அமைப்புகளில் போய்ப் பாருங்கள். போய்ப் பார்த்தேன். விலை மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி, அதற்கு மூன்று தெரிவு. "விலை கூடினால் மட்டும் ஏற்றுக்கொள்" என்பதில் சரி போட்டிருந்தது யார்? நான்தான். முதல் நாளே. யாருக்குத்தான் கூடிய விலை கசக்கும்? ஆனால் யோசித்துப் பாருங்கள், என் ஆளின் விலை ஏன் கூடும்? அவன் வெல்லும் வாய்ப்புக் குறைந்தால்தான் கூடும். அவன் மூன்று அம்பில் உச்சமான 180 அடித்தால் விலை குறையும், பெட் தள்ளுபடி. டபுளைத் தவறவிட்டால் விலை கூடும், பெட் ஏற்கப்படும். காய்த்த மரத்தை விற்கமாட்டேன், பட்டதை மலிவாகத் தருகிறேன் என்பதுபோல. ஏமாற்று என்று சொல்ல இடமில்லை. எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

நியாயம் சொல்வதென்றால், அந்தச் சில நொடி இல்லாவிட்டால் தளம் ஒரு வாரம் தாங்காது. போட்டி நடக்கும் லண்டன் மண்டபமான அலெக்சாண்ட்ரா பெலஸில் ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து போனோடு இருக்கிறவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான். அவர்கள் பூட்டுப் போடுவது அவனுக்கு. மாட்டிக்கொள்வது களுவாஞ்சிக்குடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நான்.

காசு அனுப்புவது எடுப்பது பற்றிக் கேட்பீர்கள். அதில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு போயா விடுமுறை இரவு, மணி மூன்று இருக்கும், நாற்பது டெதர் எடுக்கக் கொடுத்தேன். நாலு நிமிடத்தில் என் வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில். ஆலையில் ஒரு காசோலை மாற எத்தனை நாள் நான் காத்திருந்திருக்கிறேன்! அந்த நாலு நிமிடத்துக்காகவே இரண்டு தடவை தேவையில்லாமல் காசு எடுத்திருக்கிறேன், சும்மா பார்க்க.

ஒன்று மட்டும் கவனம். டெதர் பல வலையமைப்புகளில் ஓடுகிறது. ட்ரொன் வழியென்றால் முகவரி ஆங்கில 'T' எழுத்தில் தொடங்கும், எதேரியம் வழியென்றால் பூச்சியத்தில். தளம் எந்த வழியைச் சொல்கிறதோ அதே வழியில்தான் அனுப்ப வேண்டும். கல்முனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் வழியை மாற்றித் தெரிவுசெய்து அனுப்பியது இன்றுவரை வந்து சேரவில்லை. இதில் முறைப்பாடு கொடுக்கக் கிளை மனேஜர் இல்லை.

ரூபாவாக்கும் இடத்தில்தான் வயிறு கலங்கும். இலங்கை மத்திய வங்கி இந்த நாணயங்களைப் பற்றிப் பொதுமக்களை 2018இலிருந்து பல தடவை எச்சரித்திருக்கிறது. கார்டால் வாங்கவும் இடமில்லை. ஆகவே முகம் தெரியாத ஒருவரிடம் டெதரை விற்று, அவர் நம் கணக்குக்கு ரூபா போட வேண்டும். ஒரு தடவை என்னிடம் வாங்கியவர் ஒருவர், காசு வந்தது வேறொரு பெயரில். மூன்றாம் நாள் வங்கியிலிருந்து அழைப்பு. "இந்தக் காசு யாருடையது, எதற்கு வந்தது?" எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. பழைய மோட்டார் சைக்கிள் விற்றேன் என்று சொல்ல நினைத்து, பொய் சொன்னால் பத்திரம் கேட்பார்கள் என்று பயந்து, உண்மையைச் சொன்னேன். கணக்கு ஒன்பது நாள் முடங்கியது. அந்த ஒன்பது நாளில் வீட்டில் பால்மா வாங்க அம்மாவிடம் கைநீட்டினேன். முப்பத்தெட்டு வயதில்.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டை நான் இவ்வளவு விரும்புவேன் என்று நினைக்கவில்லை. 501இலிருந்து கழித்துக் கழித்துப் போய், கடைசி அம்பு டபுளில் விழுந்து சரியாகப் பூச்சியத்தில் முடிய வேண்டும். ஐந்தொகை சமன்பட்டால் வருகிற அதே சுகம். மூன்று அம்பில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170: இரண்டு ட்ரிபிள் 20 (ஒவ்வொன்றும் 60), ஒரு நடுப்புள்ளி (50, அதுவும் டபுள் கணக்குத்தான்). 169 முடியாது. 168, 166, 165, 163, 162, 159 எதுவும் முடியாது. ஆலையில் மூட்டைக் கணக்கில் 159 வந்தால் இப்போது என் முகம் தானாகச் சுழிக்கிறது. பலகையில் 20க்கு இரு பக்கமும் 1, 5 என்று வைத்தவன் மனதில் எவ்வளவு கொடூரம்! பேராசையோடு எறிந்து கொஞ்சம் விலகினால் பிச்சைக்காசு.

டிசம்பரில் அந்த மண்டபத்துக்குள் ஒரு குளவி சுற்றும். விளக்குச் சூட்டுக்கு வருகிறதாம். உலகச் சம்பியன்கள் எறியப் போய்க் கையை இறக்கிக் குளவி விரட்டுவார்கள். அதற்கு மட்டும் தாமதம் எனக்குப் பொருட்டே இல்லை, எப்போது பார்த்தாலும் சிரிப்பு வரும். 2025 ஜனவரியில் லிட்லர் மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று வென்று பதினேழு வயதில் உலகச் சம்பியனானதையும் பார்த்தேன். அன்று பெட் பிடிக்கவில்லை. மச்சானுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டேன்: முடியும்வரை ஒரு எழுத்தும் அனுப்பாதே, அனுப்பினால் ஊருக்கு வரும்போது கணவாய்க் கறி கிடையாது.

பெப்ரவரியிலிருந்து மே வரை டார்ட்ஸ் பிரீமியர் லீக் வியாழன் இரவுகளில். எங்களுக்கு நடுச்சாமத்தை ஒட்டித்தான் தொடங்கும், வெள்ளி விடியப்புறம் வரை போகும். அதுதான் பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற காலம். ஒரு வெள்ளிக்கிழமை 1,240 கிலோவை 12,400 என்று எழுதிவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அதைவிட இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

கொப்பியின் கடைசிப் பக்கம் இது. இரண்டு வருடத்தில் உள்ளே போனது 640 டெதர். கைக்கு வந்தது 507. நட்டம் ஏறக்குறைய 39 ஆயிரம் ரூபா. அதில் 59 டெதர் அனுப்புக் கட்டணம் மட்டும்: 31 தடவை போட ஒவ்வொன்று, 14 தடவை எடுக்க இவ்விரண்டு. அந்த நாலு நிமிட ஆச்சரியத்துக்கு நான் கொடுத்த விலை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே போன மூவாயிரம் சொச்சம் தனி.

தம்பி, காசு தருகிறார்களா என்றால் தருகிறார்கள். வேகமா என்றால் மின்னல். ஏமாற்றினார்களா என்றால் இல்லை. ஆனாலும் வேண்டாம். நல்லது என்று இத்தனை எழுதிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்காதே. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றுதான் கொடுப்பேன், அந்த ஒன்றும் குளவிக்கு. உனக்கு லொறி லீசிங் இன்னும் பாதி இருக்கிறது என்பது கணக்கெழுதுகிற எனக்குத் தெரியும்.

2025 டிசம்பர் 11இல் அடுத்த உலகச் சம்பியன்ஷிப் தொடங்கியது. அந்தத் தடவை 128 பேர், வெல்பவருக்குப் பத்து இலட்சம் பவுண். மச்சான் புது வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறான். வீடியோ அழைப்பு எடுத்துப் போனைத் தன் டீவிக்கு முன்னால் சாத்தி வைப்பானாம். போன ஞாயிறு ஒரு சின்னப் போட்டியில் பரீட்சித்தோம். படம் கொஞ்சம் சாய்வு, இடையில் அவன் மகள் குறுக்கே நடந்தாள், ஆனால் இருபது நொடி இரண்டு நொடியானது.

கணக்கை மூடத்தான் போனேன். உள்ளே 3.40 டெதர் மிச்சம் இருக்கிறது. குறைந்தது பத்து இருந்தால்தான் எடுக்கலாமாம்.