கிளமிடியா என்று பயம் காட்டி 38,500 ரூபாய் பறித்தார்கள்: மலையகப் பெண்களே, கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 38,500 ரூபாய் போய்விட்டது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற என் அம்மா இவ்வளவு காசைக் கையில் பார்க்க எத்தனை நாள் மலை ஏற வேண்டும்! பறித்தது, போனில் விளம்பரம் போட்டு, டவுனில் ஒரு கடைக்கு மேலே அறை பிடித்து, ‘பெண்களுக்கான இரகசியச் சிகிச்சை’ என்று நடத்துகிற ஓர் இடம்.

எனக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், வெள்ளைபடுதல் அதிகம், மாதவிடாய்க்கு இடையிலும் இரத்தம் பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் நான் வீடு திரும்புவதற்கு முன்பே கதை வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்துவிடும். பெரியாஸ்பத்திரியில் சிங்களத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. போனை எடுத்த பெண் நம்ம ஊர்த் தமிழில் பேசினாள். “பயப்படாதீங்க தங்கச்சி, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமலே சுகமாக்கிடலாம்.” கொழும்பில் கடையில் வேலை செய்கிற மனுசனிடம் இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தூக்கமில்லாமல் கிடந்தவளுக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலுக்குத்தான் விலை போட்டிருக்கிறார்கள்.

போனதும் கையில் இரத்தம் எடுத்தார்கள். “கிளமிடியா, இரத்தத்தில் ஊறிவிட்டது” என்றார்கள். அது உடலுறவில் தொற்றுகிற நோய்; அவர்கள் சொன்னதோ, லயத்துப் பொதுக் கக்கூஸிலிருந்து வந்திருக்குமாம். அம்மாவுக்கும் என் சின்ன மகளுக்கும்கூடத் தொற்றியிருக்குமாம். பிள்ளையின் பெயரைச் சொன்ன பிறகு எந்தத் தாய் பேரம் பேசுவாள்? எனக்கு மூன்று மாதத்துக்குப் பெயர் ஒட்டாத கெப்சூல், வீட்டில் எல்லோருக்கும் கழுவுகிற மருந்துப் போத்தல். எல்லாம் சேர்த்து 38,500. சீட்டுக் காசும் தோட்டை அடகு வைத்த காசும் அதில் போனது.

கெப்சூல் முடியப்போகிறது, எரிச்சல் அப்படியே இருக்கிறது. அழைத்தால், “மருந்து உள்ளே வேலை செய்யுது தங்கச்சி, பொறுங்க.” அப்புறம், “டொக்டர் வெளிநாடு போயிருக்கார்.” அப்புறம், “பத்தியம் இருந்தீங்களா?” நேரில் போய்க் காசைக் கேட்டேன். “உங்க பில்லுல சத்து மருந்துனுதானே இருக்கு, நோய்க்கு மருந்துனு எங்க போட்டிருக்கு?” என்று அதே பெண் கேட்டாள். அன்றைக்குத் தங்கச்சி இல்லை, “மேடம்”. சத்தம் போட்டதும், வீட்டுக்காரரின் நம்பர் தங்களிடம் இருப்பதாகச் சொன்னாள். அடுத்த நாள் வட்ஸ்அப்பில் என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பாலியல் நோய்களுக்கான எஸ்.டி.டி. கிளினிக்குக்குப் போனேன். வேறு டொக்டரின் துண்டு கேட்கவில்லை, காசு கேட்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நம்பரால் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ் பக்கத்திலேயே நின்றார். அங்கே டொக்டர் சொன்னதைக் கேட்டபோதுதான் ஒவ்வொன்றும் எப்படிப்பட்ட பொய் என்று தெரிந்தது.

கிளமிடியா கக்கூஸிலிருந்தோ துவாயிலிருந்தோ வராது. ஆணுறை இல்லாத உடலுறவில் தொற்றும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகலாம். என் அம்மாவையும் பிள்ளையையும் இதில் இழுத்தது காசுக்காக மட்டும். கிளமிடியா இப்போது இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது; எப்போதோ வந்து போயிருந்தாலும் அதில் தெரியும். பெண்களுக்கு உள்ளே பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுப்பார்கள், ஆண்களுக்கு முதலில் வருகிற சிறுநீர். எனக்கு அப்படித்தான் எடுத்தார்கள், கிளமிடியா இருந்தது உண்மைதான். மருந்து டொக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு, 7 நாள். அவ்வளவுதான். இதற்காகவா 38,500?

பணத்தைவிட எனக்கு வயிறு எரிவது வேறொன்றில். ‘வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்’ என்றார்களே, அவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் சுகமான பிறகும் எனக்குத் திரும்ப வரும். ஒருமுறை வந்தால் இனி வராது என்றும் இல்லை. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயில் தழும்பு விழுந்து பிள்ளை தங்காமல் போகலாம், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று மாதம் அந்தப் பாதையில் என்னை நடக்க விட்டிருக்கிறார்கள்.

அவரிடம் சொன்னேன். முதலில் கத்தினார், பிறகு பஸ் ஏறி வந்தார். பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரியாது, மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று பரிசோதனையால் சொல்ல முடியாது என்று டொக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அவரும் மருந்து எடுத்தார். இருவருக்கும் மருந்து முடியும்வரை உடலுறவு கூடாது, 3 மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும்.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இரத்தம் மட்டும் எடுத்துக் கிளமிடியா என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் ஒட்டாத மருந்தை வாங்காதீர்கள். மருந்தின் பெயர் எழுதாத பில்லை வாங்காதீர்கள். டொக்டர் என்று சொல்பவரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி எங்கும் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது, இலவசம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், கர்ப்பிணிகளுக்கு டொக்ஸிசைக்ளின் கொடுக்க மாட்டார்கள், வேறு மருந்து இருக்கிறது. காசை இழந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் அழைத்துச் சொல்லலாம். நான் சொல்லிவிட்டேன்; அந்த 38,500 இன்னும் வரவில்லை.