பழைய கார் கிளப்பில் சேரப் போகிறீர்களா? 38,500 ரூபாயும் ஆர்சி புத்தகமும் போன கதை

நேற்று ராத்திரிதான் என்னை அந்த வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து தூக்கினார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விண்டேஜ் கார் வைத்திருப்பவர்களுக்கான கிளப் என்று சொல்லிக்கொண்டு சென்னையில் திரியும் ஒரு கூட்டம் என்னிடம் 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது. பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன். அதற்குள் அவர்கள் எனக்கு வக்கீல் நோட்டீஸ் விட நானே வழி செய்து தர வேண்டாம். ஊரில் மரியாதையான பழைய கிளப்புகள் இருக்கின்றன, அவர்களைச் சொல்லவில்லை.

என்னுடையது 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் செய்த வண்டி, இரண்டு கதவு. அப்பா ஓட்டியது. நம்பர் இன்னும் அந்தக் கால மெட்ராஸ் ஸ்டேட் நம்பர்தான். இதற்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. நாலு ஹெரால்டுக்காரர்கள் பழக்கம் இருந்தால் உதவியாக இருக்குமே என்றுதான் கிளப் தேடினேன்.

கிளப்பின் "டெக்னிக்கல் மெம்பர்" என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஹெரால்டின் பானெட் சாதாரண வண்டி மாதிரி திறக்காது. இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கும், இரண்டையும் விடுவித்தால் மூக்கு மொத்தமும் முன்பக்கமாகச் சாயும். புதிதாகப் பார்க்கிற மெக்கானிக்குகள் தடவிக்கொண்டே நிற்பார்கள். இந்த ஆள் யாரையும் கேட்கவில்லை. குனிந்தார், இரண்டையும் தட்டிவிட்டார், தூக்கினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரம் திரும்புவதற்கு அடியில் இருக்கும் மரை வைத்த மூட்டைக் காட்டி, "ட்ரன்னியனுக்கு என்ன சார் போடறீங்க, கிரீஸா ஆயிலா?" என்றார். "கியர் ஆயில்தான்" என்றேன். "அப்பாடா, கிரீஸ் அடிச்சே எத்தனை ஹெரால்டோட காலை ஒடிச்சிருக்காங்க" என்றார். உண்மைதான். கிரீஸ் அந்த மரைக்குள் இறங்காமல் காய்ந்துபோனால் ஒருநாள் சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் என்கிற தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். இது தெரிந்த ஒரு ஆள் திருடனாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? ட்ரன்னியன் தெரிந்தவனை வைத்தே தூண்டில் போடுகிறார்கள்.

அப்புறம் பயம் காட்டினார். பழைய வண்டியெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகப் போகிறது, விண்டேஜ் வண்டிகளுக்கான "விஏ" வரிசை நம்பர் வாங்கினால்தான் தப்பிக்கும், கிளப் மூலமாகத்தான் அது கிடைக்கும் என்றார். நுழைவுக் கட்டணம் 15,000, வருஷ சந்தா 3,500, விஏ பதிவுக்கு 20,000. மொத்தம் 38,500 ரூபாய், யுபிஐ மூலம் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு. "கிளப் அக்கவுன்ட்ல கேஒய்சி அப்டேட் நடக்குது" என்றார்கள். அசல் ஆர்சி புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பாதி உண்மையைக் கலந்து சொன்னதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது நிஜம். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். அவர்கள் வாய் திறக்காத பகுதி வேறு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். விஏ வரிசை நம்பர் புதிதாகப் பதிவாகிற வண்டிக்குத்தான். விண்ணப்பம் அரசின் பரிவாஹன் இணையதளத்தில், உரிமையாளர் பெயரில். இதில் கிளப்புக்கு வேலையே இல்லை.

விண்ணப்ப எண் கேட்டேன். "ஃபைல் மூவ் ஆகுது சார்" என்றார்கள். ஆன்லைனில் போட்டால் அப்போதே எண் வந்துவிடுமே என்றேன். "அது ஏஜென்ட்கிட்ட இருக்கு". செயலாளரைக் கேட்டால் பொருளாளர், பொருளாளரைக் கேட்டால் செயலாளர். பொங்கல் முடியட்டும், ராலி முடியட்டும். தபாலில் ஒரு பம்பர் பேட்ஜ் மட்டும் வந்தது. அதில் இருந்தது மோரிஸ் மைனர் என்கிற வேறொரு பழைய காரின் படம்!

நடுவில் ஒருநாள் போன்: "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு இருக்கு, உங்க ஹெரால்டை அனுப்புங்க, பெட்ரோல் போட்டுடுவோம்." விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று எடுக்கலாம், வாடகைக்கு விடக் கூடாது. அதே விதியைக் காட்டி 20,000 வாங்கியவர்கள்தான் இதையும் கேட்கிறார்கள். மறுத்துவிட்டேன். ஞாயிறு காலை பெண் வீட்டார் எனக்கே போன் செய்து, "டிரைவரா பேசறது? வாடகை முழுசா கட்டியாச்சே, வண்டி எங்கப்பா?" என்கிறார்கள். அவர்களிடம் எவ்வளவு கறந்தார்களோ.

பிறகு ரசீதில் இருந்த விலாசத்துக்குப் போனேன். டிங்கரிங் ஷெட். "அவங்க வண்டி நிறுத்துவாங்க, அவ்ளோதான் சார். எனக்கே பெயின்ட் காசு பாக்கி" என்றார் அங்கே இருந்தவர். குழுவில் வெளிப்படையாக 38,500 ரூபாய்க்குக் கணக்கு கேட்டேன். "கிளப்னா குடும்பம் சார், குடும்பத்துல கணக்கு கேப்பாங்களா?" என்று செயலாளர் பதில் போட்டார். அடுத்த நிமிஷம் நான் குழுவில் இல்லை. பணம் போனால் போகிறது, அப்பா பெயர் மசியில் எழுதிய ஆர்சி புத்தகம் அவர்களிடம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சேரப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு பண்ணியிருக்கிறார்களா, எண் என்ன என்று கேளுங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். முதலில் ஒரு டிரைவுக்கு விருந்தாளியாகப் போய், அங்கே வருகிறவர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். அசல் ஆர்சியை யாரிடமும் கொடுக்காதீர்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். இதே மாதிரி மோரிஸ் மைனர் பேட்ஜ் வந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.