ஆறு பேரின் விஸ்கிப் பயணம்: ஸ்பேசைடா, ஐலாவா?

போன செப்டம்பர் கடைசியில் நாங்கள் ஆறு பேர் ஸ்கொட்லாந்துக்கு விஸ்கி வடிசாலைகள் பார்க்கப் போனோம். திருகோணமலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூன்று பேர் இன்னும் இங்கேதான், இரண்டு பேர் லண்டனில், ஒருவன் டொரொன்டோவில். ஒருவன் நிலாவெளியில் விடுதி நடத்துவதால் சீசன் முடிந்த பிறகுதான் நகர முடியும், அதனால்தான் செப்டம்பர். இப்போது எங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த பெடியள் அடுத்த வருடம் போக வெளிக்கிடுகிறார்கள். உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் கண்டால் கேட்பது ஒரே கேள்வி: ஸ்பேசைடா, ஐலாவா? இரண்டும் ஸ்கொட்லாந்தில் விஸ்கிக்குப் பேர்போன இடங்கள், ஸ்பேசைடு ஸ்பே ஆற்றுப் பக்கம், ஐலா மேற்குக் கரையோரத் தீவு. நாங்கள் முதலில் ஸ்பேசைடில் இரண்டு நாள், பிறகு ஐலாவில் நான்கு நாள் நின்றோம். என் பதில் ஐலா.

ருசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்பேசைடு விஸ்கி பெரும்பாலும் மென்மையானது, பழ வாசமும் தேன் இனிப்பும் இருக்கும். ஐலாவின் தெற்குக் கரை விஸ்கியில் புகை தூக்கலாக இருக்கும், முதல் மிடறில் டிங்சர் மணப்பது போலத் தோன்றும். எண்ணிக்கையில் ஸ்பேசைடுக்குப் பக்கத்தில் எதுவும் வராது, ஏறத்தாழ 50 வடிசாலைகள், ஐலாவில் ஏறத்தாழ பத்துத்தான். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்றுக்கு மேல் யாராலும் பார்க்க முடியாது, அதனால் 50 என்ற கணக்கைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

குழுவாகப் போகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது யார் வண்டி ஓட்டுவது என்பதை. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து ஓட்டுநரின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம்தான் எல்லை, அதற்கு முன் 80 ஆக இருந்தது, இங்கிலாந்தில் இன்றும் 80. ஒரு வடிசாலையைச் சுற்றிக் காட்டி முடிக்கும்போது மூன்று நான்கு சின்னக் கிளாஸ் வைப்பார்கள். அதைக் குடித்தவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.

ஸ்பேசைடில் வடிசாலைகள் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, அதனால் வான் ஒன்று வாடகைக்கு எடுத்தோம். எங்களில் ஒருவன் குடிக்க மாட்டான். ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை, சாவி தானாக அவன் கைக்குப் போய்விட்டது. டஃப்டவுனில் கிளென்ஃபிடிக், அங்கிருந்து கிரேகெல்லாக்கியில் பீப்பாப் பட்டறை, அப்புறம் 1824 இல் உரிமம் எடுத்த கிளென்லிவெட். ஒடுங்கிய ரோடு, விடாத தூறல். அவனுடைய அப்பா படகு கட்டின தச்சர். பட்டறையில் மேலே நின்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது, கீழே ஆணியும் பசையும் இல்லாமல் ஓக் பலகைகளை வளைத்து நிறுத்தி இரும்பு வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். அவன் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். எங்களுக்கு இரண்டு மணிக்கு கிளென்லிவெட்டில் முன்பதிவு. இருபது நிமிடத்தில் அவனை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம், ஓட்டவும் அவனையே விட்டோம். அது இன்னும் என் மனதில் கிடக்கிறது.

இரண்டாம் நாள் நான் ஓட்டினேன். ஓட்டுகிறவருக்குப் பல வடிசாலைகள் அவருடைய பங்கைச் சின்னப் போத்தல்களில் ஊற்றித் தருகின்றன, 'டிரைவர் டிராம்' என்று கேட்டால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரவு அறையில் பல் விளக்கும் கிளாஸில் ஊற்றிக் குடிப்பதும், பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த கிடங்கில் நின்று குடிப்பதும் ஒன்றாகாது.

ஐலாவில் வண்டியே எடுக்கவில்லை. கிளாஸ்கோவிலிருந்து பஸ்ஸில் கெனக்ரெய்க், அங்கிருந்து ஃபெரியில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம், போர்ட் எலனில் இறங்கினோம். 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்கு 'பாதை' என்ற ஃபெரியில் வாகனம் ஏற்றியவர்களுக்கு அந்த இறங்குதுறை புதிதாக இராது. கயிறு கட்டுவது, சங்கிலிச் சத்தம், முதலில் யார் இறங்குவது என்ற அவசரம் எல்லாம் அதேதான். போர்ட் எலனிலிருந்து ரோட்டோரமாக ஒரு நடைபாதை போகிறது. லாஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் வரிசையாக அதில் இருக்கின்றன, மூன்றும் 1815, 1816 இல் தொடங்கியவை, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ ஒரு மைல்தான். மொத்தம் ஐந்து கிலோமீற்றர். ஆறு பேரும் ஒன்றாக நடந்தோம், ஒருவர் கையிலும் சாவி இல்லை.

லாஃப்ரோய்க்கில் பார்லியின் ஒரு பகுதியை இன்றும் தரையில் பரப்பி முளைக்க வைத்து, பீட் என்ற சதுப்பு மண்கட்டிகளை எரித்து அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தக் குடிக்காத நண்பன் ஈரப் பார்லியை உள்ளங்கையில் அள்ளி மோந்தான். சூளைப் பக்கம் போனதும், "மச்சான், பொச்சுமட்டை புகையிற மாதிரி இருக்கு" என்றான். அன்று முழுக்க எங்களைவிட அதிகம் கேள்வி கேட்டது அவன்தான்.

ஐலாவின் குறையையும் சொல்ல வேண்டும். காற்று எழும்பினால் ஃபெரி ஓடாது, மார்கழிக் கடலில் மூதூர் லோஞ்ச் நிற்பது போலத்தான். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளையாவது வெறுமையாக விடுங்கள். ஆறு கட்டில் ஒரே இடத்தில் கிடைப்பது கஷ்டம், மே கடைசியில் தீவின் விஸ்கித் திருவிழா வேறு, அந்தக் கிழமையைத் தவிர்ப்பது நல்லது. முதலில் வடிசாலை நேரங்களைப் பதிவு செய்து, பிறகு தங்குமிடம், பிறகு ஃபெரி என்று போங்கள். வடக்கே புன்னஹாவன் வடிசாலைப் பக்கம் போக வாகனம் வேண்டும், நாங்கள் ஒரு நாள் டாக்சி பிடித்தோம்.

முழங்கால் வலிக்காரர் குழுவில் இருந்தால், அல்லது பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து ஓட்டுநரோடு மினி பஸ் பிடிப்பதென்றால், ஸ்பேசைடே சுகமாக இருக்கலாம். நாங்கள் அப்படிப் போய்ப் பார்க்கவில்லை, அங்கே நின்றதும் இரண்டே நாள், ஆகவே இதை என் ஊகமாக மட்டும் எடுங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு கீத் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 1786 இல் தொடங்கிய ஸ்ட்ரத்தைலா வடிசாலை இருக்கிறது.

சரி, ஸ்பேசைடுக்குத்தான் போவது என்று முடிவானால் கிரேகெல்லாக்கிப் பட்டறைக்கு ஒரு காலை முழுவதையும் ஒதுக்குங்கள், அன்று மத்தியானத்துக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள்.