பேய்க்கதை கேட்டால் முகம் சுளிக்காத ஒரு கிளை நூலகம்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இயங்கும் ஒரு கிளை நூலகத்தில், நாவல் அலமாரிகளுக்கு முன்னால் திகில் கதைகளுக்கென்று தனியாக ஓர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கையும், அதைவிட முக்கியமாக, நூலகப் பணியாளர்களின் உதவிக்காக வாசகர் வட்டத்தினர் எழுதிக் கொடுத்திருக்கும் ஒரு கையேட்டையும் பற்றியதே இந்த மதிப்புரை. பணியாளர்கள் கேட்டுக்கொண்டதால் கிளையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மின்ட்டுக்கும் கொருக்குப்பேட்டைக்கும் இடையே குடியிருப்பவர்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது சிரமமாக இராது.

தனி அடுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் நூல்களின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811, அதோடு 3 சேர்ந்தால் புனைகதை. சரித்திர நாவல், குடும்ப நாவல், துப்பறியும் நாவல், பேய்க்கதை எல்லாம் 894.8113 என்ற ஒரே எண்ணின் கீழ்தான் வந்து சேர்கின்றன. நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ தெரிந்து வருபவருக்கு அது போதுமானது. "பயமா ஒரு புக்கு குடுங்க மேடம்" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டு. அவற்றை நிறைவேற்ற வேண்டிய பணியாளரே பேய்க்கதை படிக்காதவராக இருந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கிளையின் நூலகர் பேய்க்கதைப் பக்கமே போகாதவர்; அதை அவர் மறைப்பதும் இல்லை. கையேடு அவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் முதல் சிறப்பு. கோடு போட்ட நீளமான கணக்கு நோட்டில், ஒரு நூலுக்கு அரைப் பக்கம் என்ற அளவில், கையெழுத்தாகவே இருக்கிறது. கதைச் சுருக்கம் எதற்கும் கிடையாது. பயம் எங்கிருந்து வருகிறது, பேயிடமிருந்தா, மனிதரிடமிருந்தா, கடைசிவரை பெயர் சொல்லப்படாத ஒன்றிடமிருந்தா, இரத்தம் எவ்வளவு, முடிவில் விடை கிடைக்குமா, யாருக்குக் கொடுக்க வேண்டாம், இது பிடித்திருந்தால் அடுத்து எதைக் கொடுக்கலாம் என்பவற்றுக்கு மட்டுமே பதில் எழுதியிருக்கிறார்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்கான குறிப்பில், பேய் உண்டா இல்லையா என்பது கடைசியிலும் உறுதிப்படாது, தெளிவான முடிவை எதிர்பார்ப்பவருக்கு இது வேண்டாம் என்று இருக்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்று வழக்கறிஞர்கள் கணேஷையும் வசந்தையும் அலையவிடும் நாவல் என்பதால், துப்பறியும் கதையை மட்டுமே படித்துக்கொண்டிருப்பவரைத் திகிலின் பக்கம் அழைத்துவரும் வாசலாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட குறிப்பை எழுத, படித்திருந்தால் மட்டும் போதாது. எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கையேடு வேலை செய்வதை நேரிலேயே பார்த்தேன். சுமைதூக்கும் வேலை முடித்து வந்திருந்த ஓர் இளைஞர், "போன தபா எடுத்துக்கினு போனது சப்புனு இருந்துச்சு மேடம்" என்றார். நூலகர் நோட்டைத் திறக்காமலே, "பேய் நேர்ல வரணுமா தம்பி, இல்ல வருமோ வராதோன்னு இருந்தா போதுமா?" என்று கேட்டார். "வருமோ வராதோன்னு இருக்கறதுதான் மேடம் ஷோக்கா இருக்கும்." புதுமைப்பித்தன் தொகுதி ஒன்றை எடுத்து, குறிப்பிட்ட கதையின் பக்கத்தில் துண்டுச் சீட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, "முடிவுல எதையும் உடைச்சுச் சொல்ல மாட்டாங்க, அப்புறம் வந்து என்னைத் திட்டக்கூடாது" என்றார். தாம் படிக்க விரும்பாத ஒரு வகையை இவ்வளவு நம்பிக்கையோடு பரிந்துரைக்க ஒருவரால் முடிகிறது என்றால், அந்த நோட்டுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

அடுக்கின் அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கறுப்பு அட்டையில் சிவப்பு எழுத்து, தெர்மாகோலில் வெட்டிய மண்டையோடு. எந்தப் பள்ளிக் கண்காட்சியிலும் காணக்கூடியவைதான். அதே சமயம், அவர்கள் வைக்காமல் விட்ட ஒன்றைப் பாராட்ட வேண்டும். அருகிலிருக்கும் மூலக்கொத்தளம் சுடுகாட்டைப் படமாகப் போட்டு ஆள் சேர்க்கலாம் என்று வட்டத்தில் ஒரு யோசனை வந்ததாம், நூலகர் மறுத்துவிட்டார். 1939-இல் உயிர்நீத்த இந்தி எதிர்ப்புத் தியாகிகள் நடராசனும் தாளமுத்துவும் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் இதே நூலகத்துக்குத்தான் வருகிறார்கள். திகிலை விற்க ஊரில் உள்ளவர்களைப் பூச்சாண்டியாக்க வேண்டியதில்லை.

இந்த நிதானம் நூல் தேர்வில் முழுமையாக இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை. பழைய மர்ம நாவல்கள் பலவற்றில், மை வைப்பவனும் மந்திரவாதியும் வெட்டியானும் பயமுறுத்துவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். அவர்கள் எந்தச் சாதியினர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளும்படியே கதை நகரும். 'யாருக்குக் கொடுக்க வேண்டாம்' என்ற பகுதியில் கர்ப்பிணிகளையும் இதய நோயாளிகளையும் நினைத்துப் பார்த்தவர்கள், இதையும் ஒரு வரியில் குறித்திருக்கலாம். தற்கொலை, குழந்தைகளின் மரணம், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு எச்சரிக்கை சில நூல்களுக்கு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை.

சிறுவர்களுக்கான நூல்கள் ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவில் திகில் எழுத்தாளர் சங்கம் 2019 முதல் நூலகங்களுக்காக ஆண்டுதோறும் ஒரு கோடைப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் சிறுவர், பதின்பருவத்தினர், பெரியவர் என்ற மூன்று நிலைகளுக்கும் மும்மூன்று நூல்கள். ஒன்பதே நூல்கள் என்பதால் எந்தப் பணியாளரும் அதை மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். நம் கையேடு நூல்களின் எண்ணிக்கையில் தாராளமாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை வந்து கேட்டால் திறந்து காட்ட அதில் ஒரு பக்கம்கூட இல்லை. அந்த வயதில்தான் பேய்க்கதைப் பசி அதிகம் என்பது பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும்.

நன்கொடையாக வந்த பாக்கெட் நாவல்களை நாலைந்தாகச் சேர்த்து பைண்டிங் செய்திருக்கிறார்கள். தையல் உள்ளே தள்ளிப் போனதில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓரிரு எழுத்துகள் மறைந்துவிட்டன. விரித்துப் பிடித்தால் முதுகு விடுகிறது. படிக்கும் ஆசையோடு எடுப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், புதிதாக வருபவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

போக நினைப்பவர்கள் மாலையில் போவது நல்லது. காலை நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மேசைகளை நிறைத்திருப்பதால், நின்று பேசி நூல் தேர்ந்தெடுக்கச் சங்கடமாக இருக்கும். கையேடு வெளியில் வைக்கப்படுவதில்லை. நூலகரிடம் கேட்டால் தயங்காமல் எடுத்துக் காட்டுவார். 'கொலையுதிர் காலம்' ஒரே பிரதிதான் இருக்கிறது, அதற்குக் காத்திருப்போர் பெயர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன; வேண்டுமென்பவர்கள் முதலில் அங்கே தங்கள் பெயரை எழுதிவிட்டு மற்ற நூல்களைப் பார்க்கலாம்.