ஸ்பீடு டெஸ்ட்ல 95, வீடியோ கால்ல ஸ்டக்கு: மடிப்பாக்கம் ஃபிளாட்ல வைஃபையை சரி பண்ணின அனுபவம்

எங்க வீட்ல ஃபைபர் லைன், 100 எம்பிபிஎஸ் பிளான், ரெண்டாவது மாடியில ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். ரெண்டு மழைக்காலமும் ரெண்டு கத்திரி வெயிலும் தாண்டி இப்ப இருக்கிற செட்டப் அசையாம நிக்குது, அதனாலதான் எழுதறேன். ரவுட்டர் வாங்கின மறுநாளே எழுதற ரிவ்யூ இந்த விஷயத்துல உதவாது, ஏன்னா நெட் பிரச்சனைல பாதி மழை பேஞ்சாதான் தெரியும், மீதி ராத்திரி எட்டு மணிக்கு அக்கம்பக்கம் எல்லாரும் வீடு திரும்பினப்புறம்தான் தெரியும்.

பிரச்சனை இதுதான். ஸ்பீடு டெஸ்ட் போட்டா 95 காட்டும். ஆனா வீட்டம்மா ஆபீஸ் கால்ல பேசும்போது குரல் வெட்டி வெட்டி போகும், சிங்கப்பூர்ல இருக்கிற அக்காவோட வீடியோ கால் போட்டா அம்மா முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும், பையன் கேம்ல பிங் (ஒரு சின்ன செய்தி போய் திரும்பி வர ஆகற நேரம், மில்லிசெகண்ட்ல) 40ல இருந்து திடீர்னு 400க்கு போகும். கம்ப்ளெயிண்ட் போட்டா லைன் பாக்கற தம்பி வந்து மொபைல்ல டெஸ்ட் போட்டு "சார், ஸ்பீடு ஃபுல்லா வருது பாருங்க, லைன் ஓகே"ன்னுட்டு போயிடுவார். அவர் பொய் சொல்லல, அந்த டெஸ்ட் காட்டற விஷயமே வேற. ஒரு வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தா தாராளம். காலுக்கும் கேமுக்கும் வேண்டியது பாக்கெட், அதாவது டேட்டாவோட சின்ன சின்ன துண்டு, நேரத்துக்கு, சீரா, தொலையாம வந்து சேர்றது.

அதனால நான் முதல்ல சொல்றது, ஸ்பீடு டெஸ்ட்டை மூடி வெச்சிட்டு பிங் போடுங்க. லேப்டாப்ல கமாண்ட் விண்டோ ரெண்டு திறந்து ஒண்ணுல ரவுட்டரோட ஐபிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1), இன்னொண்ணுல 8.8.8.8க்கு (வெளிய இருக்கிற கூகுள் சர்வர்) விடாம பிங் ஓட விடுங்க. ரவுட்டருக்கு வைஃபைல 2ல இருந்து 5 மில்லிசெகண்ட்தான் ஆகணும். அங்கேயே 200, 300னு குதிச்சா பிரச்சனை உங்க வீட்டுக்குள்ள, கம்பெனிக்கு போன் போட்டு பிரயோஜனமே இல்ல. ரவுட்டர் பிங் நல்லா இருந்து 8.8.8.8 மட்டும் குதிச்சா லைன்ல ஏதோ இருக்கு, இல்லன்னா வீட்லயே யாரோ லைனை அடைச்சிட்டிருக்காங்க. இந்த ஒரு பிரிவினை தெரியாமதான் நிறைய பேர் ரவுட்டர் மேல ரவுட்டரா மாத்தி காசை விடறாங்க.

எங்க வீட்ல ரெண்டு பக்கமும் இருந்துச்சு. உள்ளே இருந்து ஆரம்பிக்கறேன்.

மொபைல்ல வைஃபை அனலைசர் ஆப் போட்டு பாத்தா பக்கத்து ஃபிளாட், எதிர் வீடு, கீழ இருக்கிற மெடிக்கல்னு ஒரு பெரிய லிஸ்ட்டே வந்துச்சு, அதுல முக்கால்வாசி 6ஆம் சேனல்ல (சேனல்னா வைஃபை அலைவரிசைக்குள்ள ஒரு பாதை). 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11 மூணுதான். அதுக்கு மேல ரவுட்டர்ல 40 மெகாஹெர்ட்ஸ் அகலம்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை போட்டா மொத்த பேண்டுல பாதியை ஒரே வீடு எடுத்துக்கும். நம்ம ஊர் மாதிரி சுவத்துக்கு சுவர் ஒட்டின இடத்துல அது வேகம் குடுக்காது, இடிதான் குடுக்கும். 20க்கு குறைச்சு சேனலை 1ல நிறுத்தினதுமே பாதி குதிப்பு போயிடுச்சு. போன், லேப்டாப், டிவி எல்லாத்தையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு தனி பேர் வெச்சு மாத்தினேன், 2.4ல இப்ப ஸ்மார்ட் பல்பும் பழைய பிரிண்டரும்தான். 5லயும் சேனலை 36 இல்லன்னா 149ல நிறுத்துங்க. நடுவுல 52ல இருந்து 144 வரைக்கும் ரேடாரோட பகிர்ந்துக்கற சேனல், ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா ரவுட்டர் அங்கிருந்து விலகியே ஆகணும், அந்த வரிசைலயே இன்னொரு சேனலுக்கு போனா 60 செகண்டாவது காத்திருந்து கேட்டுட்டுதான் திரும்ப ஆன் ஆகும். கால் நடுவுல ஒரு நிமிஷம் நெட் காணாம போய் தானா வந்தா இதையும் சந்தேகப்படுங்க.

அடுத்தது இடம். ஃபைபர் உள்ள வர்ற இடத்துலயே, அதாவது வாசக்கதவுக்கு மேல பரண்ல கம்பெனி குடுக்கற ரவுட்டர் பெட்டியை வெச்சிட்டு போறதுதான் இங்க வழக்கம். அங்கிருந்து பெட்ரூமுக்கு நடுவுல ரெண்டு சுவர், ஒரு கான்கிரீட் பீம், கண்ணாடி வெச்ச இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் பீரோவை எல்லாம் தாண்டி வராது. ரிப்பீட்டர் வாங்க சொல்லுவாங்க, வேண்டாம், சாதாரண ரிப்பீட்டர் அதே காத்துலயே வாங்கி அதே காத்துலயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகும், தாமதம் கூடும். எலெக்ட்ரீஷியன் அண்ணாவை கூப்ட்டு ஸ்கர்ட்டிங் ஓரமா கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ரெண்டாவது ரவுட்டரை பெட்ரூம் வாசல்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடுல (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்கற வேலை மட்டும்) மாட்டினோம். மொத்த செலவுல எனக்கு அதிகம் திருப்தி குடுத்தது அந்த கேபிள்தான். கேபிள் முனைல பிளக்கை கிரிம்ப் பண்ணினதும் லேப்டாப்பை சொருகி லிங்க் ஸ்பீடு 1 ஜிபிபிஎஸ் காட்டுதான்னு கண்டிப்பா பாருங்க, எட்டு கம்பில நாலு மட்டும் சரியா உக்காந்தா 100ல நின்னுடும், நெட் வர்றதால யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் பண்ணி ரவுட்டர் பிங் 3ல நிக்குது, ஆனாலும் ராத்திரில கால் ஸ்டக் ஆகறது முழுசா நிக்கல. இங்கதான் யாரும் நமக்கு சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. பையன் போன்ல போட்டோ பேக்கப் ஓடும்போது, இல்ல கேம் அப்டேட் இறங்கும்போது மட்டும் 8.8.8.8 பிங் 6ல இருந்து 250க்கு ஏறுது, பேக்கப்பை நிறுத்தினதும் இறங்கிடுது. இதுக்கு பேர் பஃபர்ப்ளோட். லைன் நிறையும்போது ரவுட்டரும் கம்பெனி பெட்டியும் பாக்கெட்டை தூக்கி போடாம வரிசைல அடுக்கிட்டே போகுது, நம்ம காலோட சின்ன பாக்கெட் அந்த வரிசை கடைசில போய் நிக்குது. ரேஷன் கடைல ஒருத்தர் தெருவுல இருக்கிற எல்லார் கார்டையும் கொண்டு வந்து முன்னாடி நின்னுட்டா, கால் லிட்டர் எண்ணெய் வாங்க வந்தவங்களும் அவர் பின்னாடி அரை நாள் நிக்கணும் இல்லயா, அதேதான். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல், அதுல இருந்து வந்த எஃப்க்யூ கோடெல், அதுக்கப்புறம் 2018ல லினக்ஸ்ல சேர்ந்த கேக், இதெல்லாம் இந்த வரிசையை பிரிச்சு ஆளுக்கு கொஞ்சம் கொஞ்சமா முறை வெச்சு விடற வேலையைத்தான் பண்ணுது.

இதை நம்ம வீட்ல பயன்படுத்த ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்ல ஏத்தற இலவச மென்பொருள்) ஏத்தக்கூடிய ரவுட்டர் ஒண்ணு வேணும், வாங்கறதுக்கு முன்னாடி அவங்க சப்போர்ட் லிஸ்ட்ல மாடலோட வெர்ஷன் நம்பர் வரைக்கும் பாத்துக்கோங்க, ஒரே மாடல் பேர்ல ஒவ்வொரு வெர்ஷனுக்கும் உள்ள சிப்பே வேறயா இருக்கும். அதுல எஸ்க்யூஎம்னு இந்த வரிசையை பாத்துக்கற பேக்கேஜ் போட்டு கேக் தேர்ந்தெடுத்து, டவுன்லோடு அப்லோடு ரெண்டையும் லைன் வேகத்துல 90 சதவீதம் மாதிரி கட்டுப்படுத்தணும், அப்பதான் வரிசை கம்பெனி பெட்டில உருவாகாம நம்ம கைல இருக்கும். எங்களுக்கு ஸ்பீடு டெஸ்ட் 95ல இருந்து 87 ஆச்சு. பேக்கப் ஓடிட்டிருக்கும்போதே பிங் 12ஐ தாண்டல. அந்த 8 எம்பிபிஎஸ் போனது வீட்ல ஒருத்தருக்கும் தெரியல, ஆனா அம்மா அக்காவோட பேசி முடிச்சிட்டு "இன்னைக்கு நிக்கவே இல்லப்பா"ன்னு சொன்னாங்க. என்னை கேட்டா இந்த மொத்த வேலைல முக்கியமானது இதுதான், ஆயிரக்கணக்குல விலை போட்ட கேமிங் ரவுட்டரை விட இது பெருசு. கம்பெனில பிரிட்ஜ் மோடு (அவங்க பெட்டி லைனை மட்டும் கடத்தி, ரவுட்டர் வேலையை உங்க ரவுட்டருக்கு விடறது) கேட்டா சிலர் குடுப்பாங்க, குடுக்கலன்னா அவங்க பெட்டியோட வைஃபையை ஆஃப் பண்ணிட்டு எல்லா டிவைஸும் உங்க ரவுட்டர் வழியா மட்டும் போற மாதிரி வெச்சாலே எஸ்க்யூஎம் வேலை செய்யும்.

இப்ப வெளிய. மழை ஆரம்பிச்சதும் பெட்டில எல்ஓஎஸ் லைட் (ஃபைபர்ல சிக்னல் சரியா வரலன்னு காட்டறது) சிவப்பா மின்னி மின்னி அணையும். பெட்டியோட செட்டிங்ஸ் பேஜ்ல ஆப்டிகல் பவர்னு, அதாவது ஃபைபர்ல வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு, இருக்கும், அதை வெயில் நாள்லயே ஒரு தடவை எழுதி வெச்சுக்கோங்க. வீட்டு ஃபைபர்ல வழக்கமான ஜிபான் வகை பெட்டிக்கு மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவுல இருக்கணும், நல்ல லைன்ல மைனஸ் 18, 20 மாதிரி வரும். எங்களுக்கு வெயில்ல மைனஸ் 25, மழைல மைனஸ் 29. மூணு டிபி குறைஞ்சாலே வெளிச்சம் பாதியாயிடுச்சுன்னு அர்த்தம். அடுத்த தடவை தம்பி வந்தப்போ அந்த நம்பரையும் தேதி நேரத்தோட பிங் ரெக்கார்டையும் காட்டி, "தம்பி, பவர் மீட்டர் வெச்சு தெருமுனை பாக்ஸ்ல பாத்துடலாமா"ன்னு கேட்டேன். புங்க மரத்துல கட்டியிருந்த ஜாயிண்ட் பாக்ஸ்ல மூடி உடைஞ்சு தண்ணி போயிருந்துச்சு. ஃபைபரை புதுசா ஸ்ப்ளைஸ் பண்ணி (ஒட்டி) குடுத்தார், இப்ப மைனஸ் 20, போன மழைல சிவப்பு லைட் எரியவே இல்ல. தூறல்ல ஏணி போட்டு ஏறி அந்த முடி மாதிரி கண்ணாடி இழையை ஒட்டற வேலை சாதாரணமானது இல்ல, அவங்ககிட்ட கத்தறதை விட நம்பர் காட்டினா அவங்களுக்கும் மேல பேச வசதியா இருக்கு. கம்ப்ளெயிண்ட்டுக்கு டாக்கெட் நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, தீராம இழுத்தா அந்த நம்பரை வெச்சு அதே கம்பெனியோட அப்பீல் அத்தாரிட்டிக்கு போக டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிலயே வழி இருக்கு.

கரண்ட் விஷயம் சுருக்கமா. கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறற அந்த நொடில பெட்டி ரீஸ்டார்ட் ஆனா 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும், வோல்ட்டும் ஆம்பியரும் அடாப்டர் லேபிள்ல பாத்து வாங்குங்க. மே மாசம் மத்தியானத்துல மட்டும் தானா ரீஸ்டார்ட் ஆனா பரண் சூடு, இல்ல பழைய அடாப்டர். எங்களுக்கு பெட்டியை பரண்ல இருந்து ஷூ ராக்குக்கு மேல இறக்கினதும் அது நின்னுடுச்சு.

இன்னும் சரியாகாதது பின்பக்க பால்கனி. கிச்சன் சுவர் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு கோடுதான் வருது, 2.4க்கு மாறினா மைக்ரோவேவ் ஓடும்போது ரெண்டு நிமிஷம் நெட் படுத்துடும், அந்த அடுப்பும் 2.45லதான் வேலை செய்யுது. அங்க துணி காயப்போடும்போது பாட்டு கேக்கறதுக்காக இன்னொரு கேபிள் இழுக்கணுமான்னு வீட்ல பேச்சு நடக்குது, இந்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே சேத்து இழுத்துடலாம்னு இருக்கோம்.