உபுண்டுவும் விண்டோஸும் ஒரே வீட்டில்: சாம்பா கோப்புப் பகிர்வில் என் நீண்டநாள் அனுபவம்

எங்கள் வீட்டில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய பழைய மேசைக்கணினி ஒன்று பல ஆண்டுகளாகக் கோப்புக் கிடங்காக இயங்கி வருகிறது. குடும்பப் படங்கள், வரிக் கணக்குகள், பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் எல்லாம் அதன் இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. லினக்ஸ் கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிர உதவும் சாம்பா என்னும் மென்பொருள் வழியாக விண்டோஸ் மடிக்கணினிகள் அவற்றைத் திறக்கின்றன. சாம்பா தானாகக் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. தகராறு வருவதெல்லாம் விண்டோஸ் புதுப்பிப்பு முடிந்த மறுநாளோ, ரவுட்டரை மாற்றிய அன்றோதான்.

பலரையும் அலைக்கழிப்பது, விண்டோஸின் ‘நெட்வொர்க்’ பகுதியில் லினக்ஸ் கணினியின் பெயர் தெரியாமல் போவது. பழைய பெயர்ப்பட்டியல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை (எஸ்.எம்.பி. 1) நம்பி இருந்தது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் பரவியது அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்.எம்.பி. 1 இயல்பாக இடம்பெறுவதில்லை. விண்டோஸ் இப்போது அண்டைக் கணினிகளைக் கண்டறியப் பயன்படுத்தும் முறை சாம்பாவுக்குத் தெரியாது என்பதால், டபிள்யூ.எஸ்.டி.டி. என்னும் சிறு நிரலை லினக்ஸில் தனியாக நிறுவ வேண்டும். எஸ்.எம்.பி. 1ஐ மீண்டும் இயக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்றும் உலவுகின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

உண்மையில், பெயர் தெரிவதற்கும் பகிர்வு வேலை செய்வதற்கும் தொடர்பே இல்லை. எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, லினக்ஸ் கணினியின் ஐ.பி. முகவரியைத் தட்டிப் பார்த்தால் போதும். திறந்தால் சிக்கல் பெயரில் மட்டும்தான். திறக்காவிட்டால் உபுண்டுவின் ஃபயர்வாலில் சாம்பா பயன்படுத்தும் 445ஆம் போர்ட் மூடியிருக்கிறதா என்றும், மடிக்கணினி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் தொற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபை, பெரும்பாலும், வீட்டின் மற்றக் கணினிகளை அணுக விடாது. ஐ.பி. முகவரி மாறாதிருக்க ரவுட்டரிலேயே அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அடுத்தது கடவுச்சொல். சாம்பா தனக்கெனத் தனிக் கடவுச்சொல் பட்டியல் வைத்திருக்கிறது. லினக்ஸில் நுழையும் கடவுச்சொல்லை அது எடுத்துக்கொள்ளாது. ‘எஸ்.எம்.பி. பாஸ்வேர்ட்’ கட்டளையால் ஒவ்வொருவரையும் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத விருந்தினர் பகிர்வை வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது: ப்ரோ பதிப்பு எஸ்.எம்.பி. கையொப்பத்தை (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் முத்திரையை) இயல்பாகவே கட்டாயமாக்குகிறது, கடவுச்சொல் இல்லாத இணைப்பில் கையொப்பமிட வழியில்லை. அந்தக் காப்பை அணைக்கும் குறுக்குவழி உண்டு என்றாலும், ஆளுக்கொரு கணக்கு வைப்பதே மேல். ஒரே விண்டோஸிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு வெவ்வேறு பயனர் பெயர்களில் நுழைய முயன்றால் 1219 என்ற பிழை வரும். கட்டளைத் திரையில் ‘நெட் யூஸ்’ மூலம் பழைய இணைப்புகளை நீக்கிவிட்டால் சரியாகிவிடும்.

உள்ளே நுழைந்தும் கோப்புறை திறக்காமல் போவதுதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் எழுத அனுமதி கொடுத்திருந்தாலும், லினக்ஸின் கோப்பு உரிமைகளே இறுதித் தீர்ப்பு. டெஸ்க்டாப்பில் ஒருவர் சொடுக்கி ஏற்றிய (பயன்பாட்டுக்குத் திறந்த) டிஸ்க், மீடியா கோப்புறைக்குள் அந்தப் பயனரின் பெயரிலுள்ள உட்கோப்புறையில் அமர்கிறது. அந்த உட்கோப்புறைக்குள் அவரைத் தவிர வேறு சாதாரணப் பயனர் நுழைய முடியாது. ஆகவே, எனக்குத் திறந்த பகிர்வு என் மனைவியின் கணக்குக்குத் திறக்கவில்லை. கணினி தொடங்கும்போது ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்.எஸ்.டாப் கோப்பில் எழுதி, எஸ்.ஆர்.வி. கோப்புறையின் கீழ் டிஸ்க்கை நிரந்தரமாக ஏற்றி, இருவரையும் ஒரே குழுவில் சேர்த்த பிறகே அது தீர்ந்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் முறையான என்.டி.எஃப்.எஸ். ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகிறது. லினக்ஸின் அதுபோன்ற முறையான எக்ஸ்ட்4 தருவதோ 255 பைட்டுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பிடிப்பதால், 85 குறியீடுகளோடு எல்லை முடிந்துவிடும். ‘கு’ என்ற ஒரே எழுத்து, மெய்யும் உயிர்க்குறியுமாக 6 பைட்டுகளைத் தின்றுவிடுகிறது. மடிக்கணினியில் சிக்கலின்றி இருந்த நீண்ட தலைப்புள்ள கட்டுரைக் கோப்பொன்று கிடங்குக்குள் போக மறுத்ததற்குக் காரணம் இதுவே. எதிர்த்திசையில் வேறொரு தொல்லை: லினக்ஸில் எடுத்த திரைப்பிடிப்பின் பெயரில் நேரத்தைக் குறிக்க முக்காற்புள்ளி இருந்தால், விண்டோஸில் அது அலைக்குறியோடு கூடிய புரியாத குறும்பெயராகத் தெரியும்.

விண்டோஸ் பகிர்வை லினக்ஸில் ஏற்றுவதை நான் ஏறக்குறைய கைவிட்டுவிட்டேன். அங்கே விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல்தான் செல்லும், பின் எண் செல்லாது. மடிக்கணினி உறங்கப்போனால் இந்தப் பக்கம் கோப்பு மேலாளரும் சேர்ந்து உறைந்து நிற்கிறது.