ஸ்லீவா, பைபாஸா? எனக்கு இரும்புச்சத்துதான் பதில் சொன்னது

'பைபாஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் என் மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "உன் இதயத்துக்கு என்னம்மா ஆச்சு?" எடை குறைக்கச் செய்யும் அறுவை சிகிச்சையிலும் அந்தப் பெயரில் ஒன்று உண்டு, அது வயிற்றிலும் குடலிலும் செய்வது, நான் செய்துகொள்ளப் போவது அதுகூட இல்லை, ஸ்லீவ் என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் டீ ஆறிப்போனது.

கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபோது நான் 64 கிலோ. சாட்ஸ்வொர்த் வீட்டில் பத்தொன்பது வருடம், இரண்டு பிரசவம், கணக்கில்லாத பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது), எல்லாம் சேர்ந்து 112-இல் கொண்டுவந்து நிறுத்தின. உயரம் 1.58 மீட்டர். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, கிட்டத்தட்ட 45. முட்டி இரண்டும் தேய ஆரம்பித்திருந்தன. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று கணவர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்லீவ் செய்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது 79 கிலோ. நடுவில் 76 வரை இறங்கிவிட்டு மூன்று கிலோ திரும்பி வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோவிலில் உடுக்கை அடிக்கும் ஒரு அண்ணன் எனக்கு நான்கு மாதம் முன்னால் பைபாஸ் செய்துகொண்டார். ஆக, இரண்டையும் ஓரளவு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே ஒப்பிடுவது அதை வைத்துத்தான். என் சாய்வு ஸ்லீவ் பக்கம். ஏன் என்பதில் ஒரு காரணத்தைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

முதலில் எது எது என்று சுருக்கமாக. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரிக் குழாய். குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்த மேல் பகுதியில்தான், அதனால் முதல் வருடம் பசியே மறந்துபோகும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் உச்சியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப் பகுதியில் நேராக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்த வழியே போகாது. இரண்டுமே லேப்ராஸ்கோப்பிதான், சின்னத் துளைகள் வழியாகச் செய்வது. ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள்.

எடை எதில் அதிகம் குறையும்? பைபாஸில், ஆனால் பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஃபின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. கூடுதல் எடையில் ஸ்லீவ்காரர்கள் 44 சதவீதமும் பைபாஸ்காரர்கள் 51 சதவீதமும் இழந்த நிலையில் இருந்தார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கும் பைபாஸ் நல்லது என்பார்கள். எங்கள் அண்ணன் பதினான்கு வருடமாக இன்சுலின் போட்டவர், இப்போது ஒரு மெட்ஃபார்மின் மாத்திரையோடு நிற்கிறது. அவருக்கு அது சரியான தேர்வு, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

இனி என் காரணத்துக்கு வருகிறேன்.

அறுவை சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பே உணவு ஆலோசகர் என்னை ஒத்திகை பார்க்கச் சொன்னார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆயுசுக்கும் மாத்திரை உண்டு: மல்டிவைட்டமின், பி12, டி, இரும்பு, கால்சியம். கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், அதையும் ஒரே தடவையில் விழுங்க முடியாது, பிரித்துத்தான் போட வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடு இரும்பு போட்டால் வீண். "இதை இப்போதே மூன்று மாதம் செய்து பாருங்கள், தவறிய நாளை காலண்டரில் வட்டம் போடுங்கள்" என்றார்.

முதல் மாதம் 11 வட்டம். இரண்டாவது மாதம் 9. போனில் அலாரம், பிரிட்ஜ் கதவில் சீட்டு, மகளின் நச்சரிப்பு எல்லாம் இருந்தும் இதுதான் கணக்கு. காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு பேருக்கு லஞ்ச் கட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் நான். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் பால் ஊற்றிய கெட்டி டீ குடிக்காவிட்டால் அன்றைக்கு என்னோடு யாரும் பேச முடியாது. இந்தப் பெண்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இருக்கப் போகிறாள். வயிற்றை வெட்டலாம், குணத்தை யார் வெட்டுவது?

காகிதத்தில் பார்த்தால் ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் மாத்திரைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். தவறவிட்டால் என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம். நாம் சாப்பிடும் இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதியில் உறிஞ்சப்படுகிறது, அதற்கு இரைப்பையின் அமிலமும் உதவ வேண்டும். பைபாஸில் உணவு அந்த இடத்தையே தாண்டிப் போய்விடுகிறது. கால்சியத்துக்கும் அதே கதை. ஸ்லீவில் அமிலம் குறையும், ஆனால் பாதை பழைய பாதைதான். ஒரு வாரம் மாத்திரையை மறந்தாலும் கீரையிலிருந்தும் மீனிலிருந்தும் கொஞ்சமாவது உள்ளே போகும்.

எனக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு எப்போதும் அதிகம். முதல் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் 9. இரும்புக் கையிருப்பு தரைதட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். நரம்பு வழியாக இரும்பு ஏற்றின பிறகுதான் அறுவை சிகிச்சைக்குத் தேதியே கொடுத்தார்கள். புரட்டாசி முழுக்க இங்கே தமிழ் வீடுகளில் கறி மீன் கிடையாது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆடியில் கூழ் பூஜை நாட்களிலும் சைவம். இந்தக் கணக்கோடு பைபாஸுக்குப் போயிருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது டிரிப் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன் என்றுதான் தோன்றியது. என் டாக்டரும் இதை மறுக்கவில்லை. இப்போது ஃபெரிட்டின் 41. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வட்டங்கள் இன்றைக்கும் மாதத்துக்கு நாலைந்து விழுகிற ஒருத்திக்கு இது மோசமில்லை.

பராமரிப்பில் இன்னொன்று, வலி மாத்திரை. இந்த ஊரில் தலைவலி என்றால் தெருமுனைக் கடையில் ஒரு கிராண்ட்-பா பவுடர் வாங்கி வாயில் கொட்டிக்கொள்வது வழக்கம். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. பைபாஸ் செய்தவர்கள் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தொடவே கூடாது என்கிறார்கள், குடலை இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும். ஸ்லீவிலும் கூடுமானவரை வேண்டாம் என்றுதான் என் டாக்டர் சொன்னார். ஆனால் முட்டி வலி தாங்க முடியாத நாட்களில், வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு, அவரைக் கேட்டுவிட்டு நாலு நாள் போட வழி இருக்கிறது. அண்ணனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. உடுக்கை அடித்துத் தோள் பிடித்துக்கொண்டால் பாரசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்தான்.

ஸ்லீவின் பலவீனத்தையும் சொல்லாவிட்டால் இது அலசல் ஆகாது. நெஞ்செரிச்சல். குழாயான இரைப்பைக்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறும். அதே ஃபின்லாந்து ஆய்வில் பத்து வருடம் கழித்து எண்டாஸ்கோப்பி செய்தபோது உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. சின்ன வித்தியாசம் இல்லை இது. ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவர் ஸ்லீவ் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது என் கருத்து. எனக்கு முன்கூட்டிச் செய்த எண்டாஸ்கோப்பியில் உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது. ஹெச். பைலோரி கிருமி மட்டும் இருந்து, இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். பைபாஸுக்குப் பிறகு ஒதுக்கி வைத்த அந்த இரைப்பையைச் சாதாரண எண்டாஸ்கோப்பியால் எட்ட முடியாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது எனக்கு வாரத்தில் ஒரு நாள் எரிச்சல் வருகிறது, பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால். இரண்டரை வருட அனுபவத்தை வைத்துப் பத்து வருடத்துக்கு ஜாமீன் கொடுக்க நான் தயாரில்லை.

டம்பிங் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பைபாஸ் செய்தவர் இனிப்பு சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, கழிவறைக்கு ஓட வைக்கும். எல்லோருக்கும் வருவதில்லை. அண்ணனுக்கு வந்தது. தீபாவளிக்கு ஒரு துண்டு சனா மேஜிக் (இங்கத்திய கடலை மாவு இனிப்பு) சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டு சோபாவில் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தார். "இதான் என் காவல்காரன், தங்கச்சி" என்று அப்புறம் சிரித்தார். எனக்கு அப்படி ஒரு காவல்காரன் கிடையாது. சனா மேஜிக் எனக்கு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. திரும்பி வந்த மூன்று கிலோ எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, ஊசி? ஒசெம்பிக், மௌன்ஜாரோ எல்லாம் இங்கே வந்துவிட்டன, கடைவீதிப் பேச்சே அதுதான். ஒசெம்பிக்கில் உள்ள மருந்தான செமாக்ளூடைட் பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மாதாமாதம் அந்தப் பணத்தை எண்ணி வைக்க என்னால் ஆகாது. நான் ஊசி போட்டுக்கொண்டதில்லை, அதனால் இதற்கு மேல் பேசுவது சரியில்லை.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, முதலில் ஒரே வரியில் முடியாது என்று கடிதம் போட்டது. ஆறு மாதம் உணவு ஆலோசகரிடம் போன பதிவு, தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசகரின் அறிக்கை எல்லாவற்றையும் கட்டி அனுப்பிய பிறகு பாதிக்குக் கொஞ்சம் மேலாகக் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு நகை போனது. இரண்டு அறுவை சிகிச்சைக்கும் விலையில் பெரிய வேறுபாடு எங்களுக்குச் சொல்லப்படவில்லை, தேர்வை அது மாற்றவுமில்லை. இந்தத் தகுதி விஷயத்தில் ஒன்று: 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசிய வம்சாவளியினருக்கு பிஎம்ஐ 27.5-இலிருந்தே அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்கிறது. மெடிக்கல் எய்டுகாரர்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

முன்தயாரிப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கடைசி மூன்று வாரம் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து மிகக் குறைவு. காரணம் ஈரல். கொழுப்பேறிய ஈரல் இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கும், அது சுருங்கினால்தான் கருவி நுழைய இடம். முதல் மூன்று நாள் தலைவலி, நான்காம் நாளிலிருந்து பழகியது. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்தவளுக்கு இது பெரிதில்லை என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஆனால் விரதம் எப்போதும் ஒரு விருந்தில் போய் முடிந்தே எனக்குப் பழக்கம். இதற்கு முடிவு தேதி இல்லை என்பது மண்டையில் ஏற ஒரு வருடம் ஆனது.

அதற்குப் பிறகு நிலைத்த பழக்கங்கள் என்று பார்த்தால், ஒத்திகையில் பிடித்தவை மட்டும்தான் நிலைத்திருக்கின்றன. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது நிலைத்தது. தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுவது நிலைத்தது, ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இதில் டர்பன் சமையலறை கைகொடுத்தது. டின் மீன் குழம்பில் உள்ள பில்ச்சர்ட் மீன் முள்ளோடு மசியும், மிருதுவான உணவுக் கட்டத்தில் அதைவிட நல்லது இல்லை. மாஸ் என்று இங்கே விற்கும் கெட்டித் தயிர்ப்பால் எனக்கு மோருக்கு மோர், புரதத்துக்குப் புரதம். சாயங்கால டீ ரூய்போஸ் என்ற இங்கத்திய மூலிகை டீ ஆகிவிட்டது, இரும்பை அவ்வளவாகத் தடுக்காது என்பதால். ஒத்திகை பார்க்காமல் விட்டது நடைப்பயிற்சி. 'எடை குறையட்டும், அப்புறம் நடக்கலாம்' என்றேன். இன்றுவரை அது ஒழுங்குக்கு வரவில்லை.

மூன்றாம் மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டியது, ஒன்பதாம் மாதம் நின்றது. அண்ணனுக்கு வழுக்கை, அவரிடம் இதை ஒப்பிட முடியவில்லை.

ஸ்லீவ் செய்தவர்கள் எரிச்சல் இல்லாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை எண்டாஸ்கோப்பி பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அடுத்தது ஈஸ்டர் முடிந்த வாரம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் புனித வெள்ளித் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து குழாயை விழுங்கப் போகிறேன். உணவுக்குழாய் சிவந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியைத் திருத்தி எழுத வேண்டிவரும், எழுதுகிறேன்.